மாத்திரை தவறவில்லை, வைரஸ் திரும்பியது: ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 செப்டம்பரில் எங்கள் கல்லீரல் பிரிவுக்கு வந்த ஒருவரைப் பற்றியது இந்தக் குறிப்பு. தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் விசைத்தறி ஓட்டுபவர், அப்போது வயது 54. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான மாத்திரைகளை ஒரு நாள்கூட விடாமல் 84 நாளும் சாப்பிட்டவர். ஆனாலும் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது வைரஸ் ரத்தத்தில் மறுபடி இருந்தது. அவரும் மனைவியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறோம்.

கதை 1994-இல் தொடங்குகிறது. மொபெட்டில் போனவரை லாரி ஒன்று இடித்துத் தள்ளியதில் தலையில் பலத்த அடி. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டி எடுத்தார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸையே 1989-இல்தான் கண்டுபிடித்தார்கள். தானமாக வரும் ரத்தம் முழுவதையும் ஹெபடைடிஸ் சி-க்குப் பரிசோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் வந்தது 2000-க்குப் பிறகு. 1994-இல் ஏற்றிய அந்த மூன்று பாட்டிலில் ஒன்றிலிருந்துதான் அவருக்கு வைரஸ் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம். வேறு ஊசிப் பழக்கமோ, டயாலிசிஸோ, பச்சை குத்தியதோ இல்லை.

அந்த விபத்து இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. அதுதான் இந்த நிகழ்வின் மையம். ஆனால் எங்களுக்கு அது தெரிய வந்தது பிறகுதான்.

முதல் சிகிச்சை

2022 ஜனவரியில் குடலிறக்க அறுவைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். அறுவைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். அறுவையைத் தள்ளி வைத்து, வைரஸ் அளவு பார்த்தார்கள்: மில்லிலிட்டருக்குச் சுமார் 18 லட்சம். சோபோஸ்புவிர் 400 மில்லிகிராம் ஒன்று, டாக்லாடாஸ்விர் 60 மில்லிகிராம் ஒன்று, தினமும் 12 வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்லீரல் சுருக்கம் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ்) இல்லாதவர்களுக்கு இது சரியான, நன்றாக வேலை செய்கிற மருந்துக் கூட்டு. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியதிலிருந்து அரசு சிகிச்சை மையங்களில் இதே மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இது அவருக்குத் தெரியாது. கைக்காசு போட்டு வாங்கினார்.

பிப்ரவரியில் ஆரம்பித்து மே மாதம் முடித்தார். முடித்த அன்று எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஜூனில் மூத்த மகளுக்குக் கல்யாணமும் நடந்தது. ஆகஸ்டில், அதாவது மருந்து நிறுத்தி 12 வாரம் கழித்து, மறுபடி பார்த்தபோது 6.4 லட்சம்.

இந்த நோயில் குணமானதா இல்லையா என்பதை மருந்து முடிகிற நாளின் பரிசோதனை சொல்லாது. 12 வாரம் கழித்து எடுப்பதுதான் சொல்லும். அந்தப் பரிசோதனைக்கு அவரை மறக்காமல் வரச் சொன்னது அந்த மருத்துவமனை செய்த நல்ல காரியம். ஆனால் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்க, இல்லைன்னா தண்ணி போட்டிருப்பீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் குடிப்பதே இல்லை. அந்த வார்த்தை அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. எங்களிடம் வந்த முதல் நாள், நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னார்.

எங்களிடம் வந்தபோது

மனைவியும் மைத்துனரும் கூட வந்திருந்தார்கள். மனைவி ஒரு மஞ்சப்பையைத் திறந்து காலி டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்தார். 28 மாத்திரை கொண்டவை, ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று, மொத்தம் ஆறு. கூடவே மாதக் காலண்டர் தாள்கள் நான்கு. பால் கணக்கு எழுதுகிற அதே கட்டங்களில், பாலுக்கு ஒரு கோடு, மாத்திரைக்கு ஒரு டிக். 84 டிக்கையும் எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை.

பரிசோதனைகளில் தெரிந்தது இது. தட்டணுக்கள் 1.08 லட்சம். கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 96, ஏஎல்டி 88. பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.7, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2. ஸ்கேனில் கல்லீரல் சொரசொரப்பாக, மண்ணீரல் சற்றுப் பெரியதாக இருந்தது. கட்டி எதுவும் இல்லை. வயிற்றில் நீர் இல்லை. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 15.8 கிலோபாஸ்கல். வைரஸின் மரபணு வகை 3. ஹெபடைடிஸ் பி, எச்ஐவி இரண்டும் நெகட்டிவ். பி வைரஸ் உடம்பில் ஒளிந்திருந்தால், சி-க்கு மருந்து கொடுக்கும்போது அது கிளம்பிவிடலாம். அமெரிக்க மருந்து ஆணையம் 2016-இல் இதற்காகத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதனால் பழைய தொற்றின் சுவடு காட்டும் பரிசோதனையையும் எடுத்தோம். அதுவும் நெகட்டிவ்.

எஃப்ஐபி-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு என்ற நான்கு எண் போதும். தனியாகக் காசு செலவில்லை. இவருக்கு 5.1 வந்தது. 3.25-ஐத் தாண்டினாலே கல்லீரல் சுருக்கம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, இவருக்குச் சுருக்கம் வந்துவிட்டது, ஆனால் கல்லீரல் இன்னும் தன் வேலையைச் சமாளித்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவருடைய பழைய ஃபைலைப் புரட்டி, முதல் சிகிச்சைக்கு முன் எடுத்த எண்களை வைத்து அதே கணக்கைப் போட்டோம்: 4.2. அப்போதே சுருக்கம் இருந்திருக்கிறது. எண்கள் காகிதத்தில் இருந்தும் யாரும் கணக்குப் போடவில்லை.

"வேறு வியாதி ஏதாவது இருக்கா? பிரஷர், சுகர்?" என்று நாங்களும் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். பழைய ஃபைலிலும் அப்படியே இருந்தது. நாங்களும் "வேறு நோய் இல்லை" என்று எழுதிக்கொண்டோம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறார் என்பது மட்டும் தெரிய வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வைத்தியர் கொடுத்த பொடியையும் சாப்பிட்டு வந்தார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுத்தவரே சொல்லாததால் நிறுத்தச் சொன்னோம்.

ஈறு சொன்ன செய்தி

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். குழாயை விடுவதற்கு முன் ஆடுகிற பல், கட்டிய பல் ஏதாவது இருக்கிறதா என்று வாயைப் பார்ப்பது வழக்கம். அன்று அந்த வேலை எங்கள் பட்ட மேற்படிப்பு மாணவியுடையது. டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முன்பற்களுக்கு நடுவே ஈறு முளைத்து, பல்லில் பாதியை மூடியிருந்தது. இளஞ்சிவப்பாக, கெட்டியாக, முடிச்சு முடிச்சாக. ரத்தம் கசியவில்லை. சீழும் இல்லை. ஈறு இப்படி வளரச் செய்கிற மருந்துகள் சிலவே. சில ரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுகிற சைக்ளோஸ்போரின், அப்புறம் வலிப்புக்கான ஃபெனிடாயின்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"ரொம்ப நாளாவேங்க."

மாணவி அடுத்த கேள்வியை உடனே கேட்கவில்லை. மைத்துனரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துப் பதிவு கவுன்டருக்கு அனுப்பினார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "வலிப்பு மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மனைவிதான் பேசினார். தலையில் அடிபட்ட மறு வருடத்திலிருந்து வலிப்பு. ராத்திரி மூன்று மாத்திரை, ஃபெனிடாயின் 100 மில்லிகிராம். கடைசியாக வலிப்பு வந்தது 2009-இல். அதன் பிறகு டாக்டரிடம் போகவில்லை, மெடிக்கலில் அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரை சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கும்.

"பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருந்தோம். அப்பனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா யாரு எடுப்பாங்க?"

விபத்தில் அடிபட்டு வந்த வலிப்பு மகளுக்கு எப்படி வரும்? ஆனால் ஊருக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று அவர்கள் பயந்ததில் தப்பில்லை. முதல் சிகிச்சையின்போது வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்போது அவர் எதையும் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

ஏன் தோற்றது

ஃபெனிடாயினை நாள்பட்டுச் சாப்பிட்டால், மருந்துகளை உடைத்து வெளியேற்றுகிற ஏற்பாடு உடம்பில் பெருகிவிடும். குடல் சுவரில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு பம்பு இருக்கிறது. உள்ளே வருகிற சோபோஸ்புவிரைக் குடலுக்கே திருப்பித் தள்ளுவது அது. கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி டாக்லாடாஸ்விரை உடைக்கிறது. ஃபெனிடாயின் இந்த இரண்டையும் முடுக்கிவிடுகிறது. அதனால் மாத்திரையை முழுதாக விழுங்கினாலும் ரத்தத்தில் சேருவது குறைவு. கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால், காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் ஆகியவையும் இப்படித்தான். இவற்றைச் சாப்பிடுபவருக்கு டாக்லாடாஸ்விர் கொடுக்கவே கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

ஆனால் பழி முழுவதையும் ஃபெனிடாயின் மேல் போட எங்களுக்கு மனம் வரவில்லை. மரபணு வகை 3 உள்ளவர்களிடம் இதே கூட்டை 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆலி-3 ஆய்வில், சுருக்கம் இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள், சுருக்கம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர்தான். இவருக்குச் சுருக்கமும் இருந்தது, ஃபெனிடாயினும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் கவிழ்த்திருக்கும் என்பது எங்கள் முடிவு. தெரிந்துகொள்ள ஒன்றுக்கு நான்கு எண்ணும் மற்றதற்கு ஒரு கேள்வியும் போதுமாயிருந்தன.

என் மனதை இன்றுவரை உறுத்துவது ஒன்று. இந்த மாத்திரைகளுக்கு முன்பிருந்த இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் இப்படி நடந்திருக்காது. அப்போது வாராவாரம் ஊசி, ஆறு மாதமோ ஒரு வருடமோ. காய்ச்சல், மனச்சோர்வு, தைராய்டு, தட்டணு குறைவு என்று அத்தனை தொந்தரவு. வலிப்பு உள்ளவர்களுக்கு அந்த ஊசி ஆபத்து என்பதால், முதல் ஊசிக்கு முன் நோயாளியை உச்சி முதல் உள்ளங்கால் வரை விசாரிப்போம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் வந்தது, ஒரு மாத்திரை 1,000 டாலர். 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்த பிறகு விலை தரைக்கு வந்தது. இன்று அரசு மையத்தில் இலவசம், பெரிய பக்கவிளைவு இல்லை, மூன்றே மாதம். எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய மருந்து இது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்து இவ்வளவு எளிதானதும் நம்முடைய விசாரணையும் சுருங்கிப்போனது.

எடுத்த முடிவுகள்

உடனே மறுசிகிச்சை தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கல்லீரல் சமாளித்துக்கொண்டிருந்ததால் இரண்டு மூன்று மாதம் பொறுப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஃபெனிடாயின் உள்ளே இருக்கும்போது மறுபடி மருந்து கொடுத்தால்தான் ஆபத்து. குறைந்த அளவு மருந்தைப் பார்த்துப் பழகிய வைரஸ் அந்த வகை மருந்துக்கே அசையாமல் போகலாம். இரண்டாவது வாய்ப்பையும் வீணாக்க நாங்கள் தயாராக இல்லை.

நரம்பியல் பிரிவில் கலந்து பேசினோம். தலை ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் பழைய தழும்பு இருந்ததால் வலிப்பு மாத்திரையை அடியோடு நிறுத்த முடியாது என்றார்கள். மாற்று வலிப்பு மருந்துகளில் வால்ப்ரோயேட் கல்லீரலுக்கு ஆகாது. லெவெடிரசெட்டம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, ஹெபடைடிஸ் சி மருந்துகளோடு மோதாது. அதையே 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை தொடங்கி, ஃபெனிடாயினை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைப்பது என்று முடிவானது. ஃபெனிடாயின் முழுவதும் நின்ற பிறகும் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்ப நான்கு வாரம் விட வேண்டும்.

அதன் பிறகு சோபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, கூடவே ரிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் எதிர்ப்பு மருந்து, 24 வாரம். முதல் முறை சிகிச்சை எடுக்கிற, சுருக்கம் உள்ள ஆனால் சமாளிக்கிற கல்லீரலுக்கு அந்த மாத்திரை மட்டும் 12 வாரம் போதும். இவர் ஒரு முறை தோற்றவர் என்பதால் இரட்டிப்புக் காலமும் ரிபாவிரினும்.

கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அவர் போட்டுவந்த கேஸ் மாத்திரையான பான்டோபிரசோல் அந்த அமிலத்தையே அடைத்துவிடும். எண்டோஸ்கோப்பியில் ரத்த நாளங்கள் சிறிதாகவே புடைத்திருந்தன. அதற்கு ப்ராப்ரனோலால் சிறிய அளவில் ஆரம்பித்தோம்.

தலை தீபாவளி

அக்டோபர் கடைசியில் ஃபெனிடாயின் ஒரு மாத்திரைக்கு வந்திருந்தது. தீபாவளி 24-ஆம் தேதி. மகளுக்குத் தலை தீபாவளி, மாப்பிள்ளையும் வந்திருந்தார். இரண்டு மூன்று நாள் சரியான தூக்கமில்லை, விடியற்காலை எண்ணெய்க் குளியல், வீடு நிறைய ஆட்கள். 26-ஆம் தேதி இரவு சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார். 13 வருடம் கழித்து வலிப்பு.

முதலில் ஓடி வந்தது மாப்பிள்ளை. ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, சட்டைப் பட்டனைத் தளர்த்திவிட்டு, கையில் இரும்பு கொடுக்க ஓடியவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. அவரே காரில் ஏற்றி எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். எந்த ஒரு ஆளிடமிருந்து இதை மறைத்தார்களோ, அவர்தான் அன்று இரவு முழுவதும் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஒரு வருடம் ஒவ்வொரு மாதமும் டப்பா வாங்க அவரோடு வந்ததும் இவரே.

காரணம் தேடியபோது எங்கள் தவறு வெளியே வந்தது. லெவெடிரசெட்டத்தை அவர் இரவில் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார். 27 வருடமாக வலிப்பு மாத்திரை என்றால் ராத்திரி என்பதுதான் அவர் பழக்கம். நாங்கள் சீட்டில் 1-0-1 என்று எழுதிக் கொடுத்ததோடு சரி. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புது மாத்திரைக்கு ரெண்டு வேளை" என்று வாய் திறந்து யாரும் சொல்லவில்லை. பழைய மருந்து குறைந்துகொண்டே வர, புது மருந்து பாதிதான் போயிருக்கிறது. கூடவே தூக்கமின்மை.

லெவெடிரசெட்டத்தை 750 வீதம் இரண்டு வேளையாக்கினோம். ஃபெனிடாயினின் கடைசி மாத்திரையை உடனே நிறுத்தாமல் டிசம்பர் முதல் வாரம் வரை நீட்டினோம். தறியில் இரவு ஷிப்ட் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றோம். வண்டி ஓட்டாதது அவருக்குப் பெரிய கஷ்டம். முதலாளி பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தார், கூலி கொஞ்சம் குறைந்தது. புது மாத்திரையில் முதல் சில வாரம் சுள்ளென்று கோபம் வருகிறது என்று மனைவி சொன்னார். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று விளக்கினோம். ஜனவரிக்குள் தணிந்தது.

இருபத்து நான்கு வாரம்

2023 ஜனவரி 4-ஆம் தேதி முதல் மாத்திரை. எடை 62 கிலோ என்பதால் ரிபாவிரின் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஐந்து. இந்த முறை சீட்டோடு சேர்த்து, காலை மாத்திரைகளை ஒரு கவரிலும் இரவு மாத்திரைகளை ஒரு கவரிலும் போட்டு, கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார் எங்கள் மருந்தாளுநர்.

நான்காவது வாரத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 13.8-லிருந்து 10.9. ஆறாவது வாரம் 9.4. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைப்பது தெரிந்ததே. தறிக்கு நூல் மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றார். ரிபாவிரினை 600-ஆகக் குறைத்தோம். மற்ற மாத்திரையில் கை வைக்கவில்லை. அடுத்த மாதம் 10.6-க்கு ஏறி அங்கேயே நின்றது.

இடையில் இரண்டு விஷயம் வீட்டிலிருந்து வந்தது. சிகிச்சை நடக்கும்போதே மகள் கர்ப்பம், ஜூனில் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதாக இருந்தார். ரிபாவிரின் கருவைப் பாதிக்கக்கூடியது. கேப்ஸ்யூலைப் பிரிக்கவோ உடைக்கவோ கூடாது, மகள் அதைத் தொட வேண்டாம், டப்பா தனியாகப் பூட்டில் இருக்கட்டும் என்றோம். இவருடைய மனைவிக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்தோம். இந்த மருந்து சாப்பிடும் ஆணின் மனைவியும், மருந்து முடிந்து ஆறு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது.

இன்னொன்று அவரே கேட்டது. வைரஸ் தெரிந்த நாளிலிருந்து அவர் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்துக்கொண்டது. "பேரப்பிள்ளை வந்தா தூக்கலாமுங்களா?" என்றார். தாராளமாகத் தூக்கலாம், முத்தமும் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது, ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் பரவும், ஷேவிங் பிளேடையும் நகவெட்டியையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஒன்றரை வருடமாக யாரிடமும் கேட்காமல் மனதில் வைத்திருந்த கேள்வி அது.

ஜூன் 20 கடைசி மாத்திரை. 168-ம் சாப்பிட்டார். பால் கணக்குக் காலண்டரில் இந்த முறையும் ஒரு டிக் குறையவில்லை.

விளைவு

மருந்து முடிந்த நாளில் வைரஸ் இல்லை. அதை வைத்து யாரும் சந்தோஷப்படவில்லை, போன முறையும் அப்படித்தானே இருந்தது. ஆகஸ்டில் பேரன் பிறந்தான். செப்டம்பர் இரண்டாவது வாரம் ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வர நான்கு நாள் ஆனது. கண்டறியப்படவில்லை. 24 வாரத்தில் மறுபடி பார்த்தோம், அப்போதும் இல்லை.

ஏஎஸ்டி 34, ஏஎல்டி 29 என்று இறங்கியது. தட்டணு 1.31 லட்சத்துக்கு ஏறியது. தீபாவளிக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. ஈறு வளர்ச்சியும் ஃபெனிடாயின் நின்ற பிறகு மெல்ல வற்றியது. மீதியைப் பல் மருத்துவர் சரிசெய்தார்.

வைரஸ் போனாலும் கல்லீரல் சுருக்கம் போய்விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் புற்றுக்கட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதை நிறுத்த முடியாது. "அதான் குணமாயிடுச்சே" என்று இரண்டாவது ஸ்கேனுக்கு வரத் தயங்கினார். மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு வந்தார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

"வேறு வியாதி இருக்கா?" என்ற கேள்வியை விட்டுவிட்டோம். ஒருவர் 13 வருடம் வலிப்பு வராமல் இருந்தால், அவரைப் பொறுத்தவரை அது வியாதியே இல்லை. இப்போது கேட்பது: "தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க? மெடிக்கல்ல நீங்களா வாங்குறது, நாட்டு மருந்து, வயித்துக்கு, தூக்கத்துக்கு, வலிப்புக்கு, எல்லாம் சொல்லுங்க." வலிப்பு என்ற சொல்லை நாங்களே முதலில் எடுத்துவிடுகிறோம். நாங்கள் சாதாரணமாகச் சொன்னால் அவர்களுக்கும் சொல்வது சுலபமாகிறது. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு முறை கேட்கிறோம். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே முதல் டப்பா. அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. 30 வருடம் உடம்பில் இருந்த வைரஸுக்கு ஒரு வாரம் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு மாதம் டப்பா கொடுக்கும்போதும் மருந்தாளுநர் அதே கேள்வியைக் கேட்கிறார். இடையில் ஒருவருக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்தாலோ, இதயத் துடிப்புக்கு அமியோடரோன் கொடுத்தாலோ, அது நமக்குத் தெரியாமலே போய்விடும். சோபோஸ்புவிரோடு அமியோடரோன் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

எஃப்ஐபி-4 கணக்கைப் போடாமல் எந்த ஃபைலும் மருந்துப் பிரிவுக்குப் போவதில்லை. அப்புறம், வெளியிலிருந்து வருகிற பழைய ஃபைலில் உள்ள விவரத்தை அப்படியே எடுத்து எழுதுவதில்லை. எங்கள் முதல் நாள் குறிப்பில் "வேறு நோய் இல்லை" என்று இருந்ததே, அது நாங்கள் சரியாக விசாரித்து எழுதியது இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பழைய தாளைப் பார்த்து எழுதியது. அந்த மாணவி டார்ச் அடித்துப் பார்த்திராவிட்டால், இரண்டாவது முறையும் ஃபெனிடாயினோடு சேர்த்தே மருந்து கொடுத்திருப்போம்.

மருந்து தோற்றால் நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று முதலில் சந்தேகப்படுகிற பழக்கத்தையும் விட முயல்கிறோம். அவர் அந்தக் காலண்டர் தாள்களை எங்களிடம் கொண்டுவந்ததே, யாராவது தன்னை நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

குடலிறக்க அறுவை

2022-இல் தள்ளிப்போன குடலிறக்க அறுவை கடைசியில் 2024 ஏப்ரலில் வேறொரு மருத்துவமனையில் முடிவானது. அங்கேயும் வழக்கமான ரத்தப் பரிசோதனை, அங்கேயும் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்தது. எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற பரிசோதனை அது. வைரஸ் போன பிறகும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் பல வருடம், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், இருக்கும். குணமானவர்கள் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் வரும் என்பதால், வைரஸ் இல்லை என்ற ரிசல்ட்டை விளக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

அறுவையைத் தள்ளி வைக்கலாமா என்று அங்கே பேச்சு எழுந்தபோது, மஞ்சப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கூடவே லெவெடிரசெட்டம் அட்டை, ப்ராப்ரனோலால் அட்டை. "எனக்கு வலிப்பு உண்டுங்க. ஆபரேசன் அன்னைக்குக் காலையிலயும் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று மயக்க மருத்துவரிடம் அவரே சொன்னாராம். பக்கத்தில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அறுவை நடந்தது.